தயாளன் அண்ணனின் கீபோர்டில் இருந்த அலை

தயாளன் அண்ணன் போய்விட்டார்.

காலையில் நெஞ்சுவலி. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... அவர் மகள் போனில் சொன்னாள்.

மரக்காணத்தில் எங்கள் லைட் மியூசிக் ட்ரூப்பில் அவர் கீபோர்டு, நான் பாடகி. ரிதம், பேஸ், கார்டு எல்லாம் தானே வாசித்துக்கொள்ளும் கீபோர்டு அது. உப்புக்காற்று படாமல் இருக்க, அண்ணியின் பழைய புடவையில் சுற்றி வைத்திருப்பார்.

அதில் 'இந்தியன்' என்று ஒரு ரிதம். தட்டினால் வடநாட்டுக் கல்யாண ஊர்வலம் மாதிரி வரும்.

"இது எந்த ஊரு இந்தியா கலா? நம்ம ஜனம் இதுக்குக் காலக்கூட ஆட்டாது" என்பார்.

2004 கோடையில், அம்மன் கோயில் பம்பைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அடிப்பதை ஒவ்வொரு அடியாகக் கீபோர்டில் ஏற்றினார். பம்பை சவுண்ட் அதில் கிடையாது. தபலாவையும் காங்கோவையும் சுருதி இறக்கிக் கலந்து... எப்படியோ கொண்டுவந்துவிட்டார்.

அந்த அடிக்கு முன்னால் ஒரு அலைச் சத்தம் வைப்பார். அது கீபோர்டோடு வந்த சவுண்ட். அலை எழும்பி வந்து உடையும் இடத்தில் பம்பை விழும். குப்பங்களில் விசில் பறக்கும்.

அந்த டிசம்பரில் சுனாமி.

2005 ஆடி மாதம், எக்கியார்குப்பம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் திருவிழா. "ஊரு அழுதுகிட்டே கெடக்குது. வந்து வாசிச்சிட்டுப் போங்க" என்று ஊர்த் தலைவர் கூப்பிட்டார்.

விளக்கு வைக்கும் நேரம். பழக்கத்தில் அண்ணன் அலையைப் போட்டுவிட்டார்.

விசில் வரவில்லை. முன்னால் இருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே இன்னும் சிலர், பிறகு எல்லோரும். பெரியவர் ஒருவர் நாற்காலியோடு விழுந்தார். அண்ணன் ஒயரையே பிடுங்கிவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடிப் போனோம். தகரக் கொட்டகையில் இருந்தாள். மூத்த மகனைப் பறிகொடுத்தவள் என்று அங்கேதான் தெரிந்தது.

"மன்னிச்சிடும்மா" என்றார் அண்ணன்.

"கடல் சத்தம் தெனமும் கேக்கறதுதாங்க, அதுக்குப் பயப்படல. கடல் கெழக்கால இருக்குது. உங்க ஸ்பீக்கர் சத்தம் மேற்கால இருந்து வந்துச்சு. ஊருக்குள்ள பூந்துட்டுத் திரும்பி வருதுன்னு நெனச்சிட்டேன்... எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியல."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். "நான் ஏத்துன அடிய அழிச்சிடலாம் கலா. அந்த அலைய அழிக்க முடியாது. கம்பெனிக்காரனே உள்ள வெச்சி அனுப்பிட்டான்."

2006இல் ட்ரூப்பை விட்டார். கடற்கரை ஊர்களில் அப்புறம் வாசிக்கவே இல்லை. வானூர் பக்கம் கல்யாணங்கள், சர்ச்... பம்பை அடியைப் போடச் சொல்லி நானே கேட்டுப் பார்த்தேன். "வேணாம்மா." அவ்வளவுதான்.

போன பொங்கலுக்குப் பேசினோம். "தொண்டையப் பாத்துக்க. ஐஸ் தண்ணி குடிக்காத" என்றார். நான் பாடுவதை விட்டு எவ்வளவோ வருஷம் ஆகிறது என்று சொல்ல மனசு வரவில்லை.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். திருவான்மியூரில் பஸ் ஏறிவிட்டேன்.

எடுப்பதற்குள் வந்துவிடுவேன், அண்ணே.