ஓரிரு இடங்களில்

செயற்கைக்கோள் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுத வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரில் படங்கள் வந்து குவிந்தன. ஒழுங்காகப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வருகிற அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்வார்கள். படத்தில் எது பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதோ அங்கே மழை என்று விரலை வைப்பார்கள். வெப்பத்தை அளந்து எடுக்கும் இன்ஃப்ராரெட் படத்தில் வெள்ளை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் ஒரு சொட்டுகூட இல்லாமல் போகலாம். எங்கள் கடலோரத்தை விடியற்காலையில் மூழ்கடிக்கிற மேகமோ தாழ்வானது; அந்தப் படத்தில் அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் அது கடலிலிருந்து வரிசை கட்டி வருவது புரியும். இதைத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன்.

கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய்வருவேன். எதிர் ரயிலுக்கு நிற்கும் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆட்கள் என்னைப் பார்த்தால் விடமாட்டார்கள். "மேடம் கொடை எடுத்துக்கினு வந்துட்டாங்கடா, இன்னிக்கு வெயில் கொளுத்தப் போவுது" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். எங்கள் அலுவலகம் எழுதுகிற லட்சணத்துக்கு வேறென்ன சொல்வார்கள்?

பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் தம்பி நெல் வைத்திருந்தான். அறுப்புக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லாரும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கம்பெனி ஷட்டவுன் விட்டால்தான் வயலுக்கு வருவார்கள். ஒரு தை மாதம் அப்படி ஷட்டவுன் வந்தது. தம்பி அன்று காலையிலேயே அறுப்பைத் தொடங்கிவிட்டான். அறுத்த கதிரை வயலிலேயே பரப்பிக் காயவிட்டு மறுநாள் கட்டுவது வழக்கம்.

அன்று மத்தியானம் வகுப்பில், இன்ஃப்ராரெட் படத்தில் தெற்கே பளபளத்த வெள்ளையை விட்டுவிட்டு, என் மாணவர்களில் ஒருவர் பழவேற்காட்டுக்கு நேர் கிழக்கே இருந்த சாம்பலைத் தொட்டார். "விடியறதுக்குள்ள இது கரைக்கு வந்துடும் மேடம். பொன்னேரி பக்கம் கனமழை." எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் கத்தியது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். "அறுத்ததை எல்லாம் வாரி மேட்டுல போட்டு தார்ப்பாய் மூடுடா" என்றேன்.

"இன்னாக்கா சொல்ற? ஈரக் கதிரை அள்ளிப் போட்டா புழுங்கிப் பூடும். ஆளுங்களை ரேடியோ சேதி வர வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அவன் மழைன்னா வாரிடறேன்."

ரேடியோவுக்குப் போகும் அறிக்கையை எழுதும் டூட்டி அன்று அதே மாணவருக்குத்தான். அதனால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று அவர் மேசைக்குப் போனேன். முந்தின நாள் அறிக்கையைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் அதுதான் வழக்கம். 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்.'

"நீங்க வகுப்புல சொன்னது எங்கே?" என்றேன்.

"அது பாடம் மேடம், இது டூட்டி. கனமழைன்னு எழுதி, பெய்யாம போனா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து எனக்குத்தான் போன் வரும். இப்படி எழுதினா யாரும் கேக்கமாட்டாங்க."

தலைமை அதிகாரியிடம் ஓடினேன். அவர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓரிரு இடங்கள்னு போட்டிருக்கே, போதும்மா" என்றார். தம்பியை மறுபடி கூப்பிட்டு மன்றாடினேன். அதற்குள் அவன் ரேடியோவைக் கேட்டுவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

விடியற்காலையில் கொட்டித் தீர்த்தது. நான் போனபோது கதிரெல்லாம் முழங்கால் தண்ணீரில் கிடந்தது. சில நாளில் நெல் முளைவிட்டு, கடைசியில் மாட்டுக்குத்தான் ஆயிற்று. அன்று தம்பி வரப்பில் நின்றுகொண்டு கேட்டான். "உனுக்குத்தான் தெரிஞ்சிருக்குதே, ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லக்கா? ரேடியோல வந்திருக்குமே." சொன்னேன் என்றால் அவன் நம்பமாட்டான்.

மாதக் கடைசியில் முன்னறிவிப்புகளுக்கு மார்க் போடும் கூட்டம் நடந்தது. தலைமை அதிகாரி அந்த நாளை வாசித்தார். ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லியிருந்தோம், ஓரிரு இடங்களில் பெய்திருக்கிறது, ஆகவே சரி. மாணவரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் மேடம் குடுத்த ட்ரெயினிங்" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள்.

அந்த ஓரிரு இடங்களில் ஒன்று எங்கள் வயல்.