திருச்செல்வம் விசாரித்த பெயர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் மகள் வாசுகி வால்தம்ஸ்டோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, திரு அங்கிள் விடியப் போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு மாதமாக மருத்துவமனையில் இருந்தவர், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அன்று முழுவதும் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

திருச்செல்வம் அவர்களை அறிந்தவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். அறியாதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இலங்கையில் தான் வகித்த பதவியைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, அலுவலகம் போல லண்டன் வீட்டு வாசலில் மாட்டியிருந்தார் ஒருவர். அவரைப் பார்க்கப் போன திருச்செல்வம் கதவைத் தட்டாமல் வெளியே குளிரில் நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கந்தோர் திறக்கட்டும் எண்டு நிக்கிறன்" என்றார். வறியவரையோ படிக்காதவரையோ அவர் ஏளனம் செய்து நான் பார்த்ததில்லை. பெருமை பேசுகிறவர்களுக்காகவே அதை அவர் சேர்த்து வைத்திருந்தார்.

எண்பத்தாறில் குரோய்டனில்தான் அவரை முதலில் சந்தித்தேன். அகதி விண்ணப்பம் கொடுக்க வந்த ஓர் உறவினருக்குத் துணையாகப் போயிருந்தேன். மொழிபெயர்ப்பாளராக வந்தவர் அவர். குடும்பப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்க, என் உறவினர் விழித்தார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுகிறோம். அதிகாரி பெருமூச்சு விட்டார். திருச்செல்வம் அவரைப் பார்த்து, இவருக்குக் குடும்பப் பெயர் இல்லை, ஆனால் குடும்பம் இருக்கிறது, அதை எந்தக் கட்டத்தில் எழுதலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

லண்டனுக்கு வருமுன் ஐந்து வருடம் ஜெர்மனியில், வெஸ்ட்ஃபாலியா என்ற பகுதியில், ஓர் அகதி விடுதியில் இருந்தவர். வயலில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டே அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். அந்த ஜெர்மன்தான் பிறகு என் வீட்டுக்குள் வந்தது.

தொண்ணூற்றிரண்டில் வாசுகி தன்னோடு வேலை செய்த மார்க்குஸ் என்ற ஜெர்மன்காரரை மணக்க விரும்பினாள். மார்க்குஸின் குடும்பப் பெயர் கோல்கன்சீக். ஜெர்மன்காரர்களே திரும்பக் கேட்கும் அளவுக்கு அரிய பெயர். என் அண்ணைக்கு வந்த கோபத்தை நான் முதலில் தவறாக விளங்கிக்கொண்டேன். வெள்ளைக்காரர் என்பதை அவர் பொறுத்துக்கொண்டார். எந்த வெள்ளைக்காரர் என்பதுதான் அவருடைய கேள்வி. "அங்கையும் ஆக்கள் இருப்பினம்தானே தம்பி. இவை ஆர் ஆக்கள் எண்டு தெரியாமல் நான் மணவறைக்குக் கிட்ட வரமாட்டன்" என்றார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிப்பித்து, இந்த நாட்டுக்கு அழைத்தவர் அண்ணை. அவர் இல்லாமல் திருமணம் நடத்தும் துணிவு எனக்கு இல்லை. பெரியப்பா சம்மதித்தால்தான் நானும் சம்மதிப்பேன் என்று வாசுகியிடம் சொல்லிவிட்டேன்.

ஒருவருடைய ஊரைக் கேட்டு, அயலைக் கேட்டு, யாருடைய ஆள் என்று கேட்டு, கடைசியில் சாதியில் போய் நிற்கும் விசாரணை நம்மவர்களுக்குப் பழக்கமானது. அதை ஒரு ஜெர்மன் பெயர் மீது நடத்த எங்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிராது. வெட்கத்தோடு எழுதுகிறேன்: அந்த விசாரணைக்குத் திருச்செல்வத்தைக் கேட்டவன் நான்தான்.

நான் ஊரில் ஆசிரியராக இருந்ததால் அவர் என்னை மாஸ்டர் என்றே அழைப்பார். "செய்யிறன் மாஸ்டர். ஆனால் ரெண்டு பக்கமும் விசாரிப்பன். பொடியன்ரை தாய்க்கும் கேக்க உரிமை இருக்குத்தானே" என்றார். அண்ணை மகிழ்ச்சியோடு சம்மதித்தார். தன் பரம்பரையைச் சொல்ல யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர். வாசுகிதான் உடைந்துபோனாள். "அங்கிளுமா?" என்று கேட்டுவிட்டு ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த ஆறு மாதமும் சனிக்கிழமைகளில் அவர் ஒரு பெரிய நூலகத்தில் ஜெர்மன் தொலைபேசிப் புத்தகங்களை ஊர் ஊராகப் புரட்டினார். கோல்கன்சீக் கிடைத்த இடத்திலெல்லாம் வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். நாடு முழுவதிலும் கிடைத்தவர்களை நம்முடைய இரட்டைத்தட்டு பஸ் ஒன்றில் ஏற்றிவிடலாம். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் வெஸ்ட்ஃபாலியாவில், ஒரு கட்டைவிரலால் மறைக்கக்கூடிய மூலையில் இருந்தன. சில மட்டும் தள்ளி, சுரங்க ஊர்களிலும் ஒரு துறைமுகத்திலும். அந்த மூலையின் தேவாலயங்களுக்கு அவர் கடிதம் எழுதினார். ஒரு பாதிரியார் பழைய பதிவேட்டைப் பார்த்து நீண்ட பதில் எழுதியிருந்தார்.

இதற்கிடையில் அண்ணையும் சும்மா இருக்கவில்லை. கடைத்தெருவில் குடும்பச் சின்னம் விற்கும் ஒருவனிடம் கோல்கன்சீக் என்று சொல்லி, இரண்டு சிங்கங்கள் போட்ட கேடயம் ஒன்றைச் சட்டமிட்டு வாங்கி வந்தார். பிரபு வம்சமாக இருக்கலாம் என்ற நம்பிக்கை. அதைக் கண்ட திருச்செல்வம், "கொடியிலை இருக்கிற சிங்கத்துக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதைக் காசு குடுத்து வாங்கி வந்திருக்கிறியள். உங்கடை பேரைச் சொல்லியிருந்தாலும் இதே ரெண்டையும்தான் தந்திருப்பான்" என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம், மனோர் பார்க்கில் என் வீட்டு முன்னறையில், அவர் இரண்டு தாள்களோடு வந்து அமர்ந்தார். அண்ணை சோபாவில். தேநீர் வைத்துவிட்டு வந்து வாசுகி குசினி வாசலில் நின்றாள்.

முதல் தாளை விரித்து அவர் சொன்னதன் சுருக்கம் இது. கோல்கன்சீக் என்றால் நீர் தேங்கும் தாழ்ந்த ஈரநிலம். அது மனிதரின் பெயரே அல்ல. ஒரு பண்ணைக் காணியின் பெயர். அந்தப் பகுதியில் காணிக்கு வருகிறவர் காணியின் பெயரை எடுத்துக்கொள்வது வழக்கம். பண்ணைக்காரனின் விதவையை மணந்த கூலியாள் மறுநாளே கோல்கன்சீக். மகளை மணந்து வந்த நெசவாளனும் கோல்கன்சீக். காணி கிடைக்காத தம்பிமார்தான் சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் போன அந்தத் தள்ளிய புள்ளிகள்.

அண்ணை பொறுமை இழந்தார். "அப்ப அவை ஆர் ஆக்கள்?"

"அந்தக் காணியிலை இருந்த ஆக்கள்."

"இது ஒரு மறுமொழியோ?"

"கேள்விக்கு ஏத்த மறுமொழி. சரி, நீங்கள் கலியாணம் முடிச்சு ஆற்றை வீட்டிலை போய் இருந்தனீங்கள்?"

"மனிசியின்ரை சீதன வீட்டிலை."

"உறுதிப் பத்திரத்திலை அந்தக் காணிக்கு என்ன பேர்?"

அண்ணை தயங்கினார். "புளியடி வளவு."

"வெஸ்ட்ஃபாலியாவிலை எண்டால் இண்டைக்கு நீங்கள் மிஸ்டர் புளியடி வளவு."

குசினி வாசலில் வாசுகி சிரித்துவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

திருச்செல்வம் சிரிக்கவில்லை. இரண்டாம் தாளை எடுத்தார். அண்ணை சொன்ன பரம்பரையை அவர் லண்டனிலும் கனடாவிலும் உள்ள முதியவர்களிடம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார். எங்கள் பூட்டனாருக்கு மேலே தாள் வெறுமையாக இருந்தது. அவர் எங்கிருந்து வந்தார், யாருடைய மகன் என்று உயிரோடிருந்த எவருக்கும் தெரியவில்லை.

"பொடியன்ரை பக்கம் ஒன்பது தலைமுறை, கூலியாளையும் ஒளிக்காமல் எழுதிக் கிடக்கு. உங்கடை பக்கம் மூண்டோடை நிக்குது. இப்ப ஆர் ஆரை விசாரிக்க வேணும்?"

அண்ணை எழுந்தார். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தாள் இஞ்சை இருக்கிறதோ, நான் இருக்கிறதோ?"

வாசுகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "அவர் இருக்கட்டும் அண்ணை" என்றேன். அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு போனார். சிங்கங்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

பாராட்டை எதிர்பார்த்து நான் திருச்செல்வத்தின் பக்கம் திரும்பினேன். அவர் தந்தது இதுதான்: "இந்த ஒரு வசனத்தைச் சொல்ல ஆறு மாசம் பெட்டையை அழ விட்டியளே. முப்பது வருசமாய் என்னத்தைப் படிப்பிச்சனீங்கள் மாஸ்டர்?" எனக்குக் கிடைத்த பங்கு அது. குறைவில்லாமல் கிடைத்தது.

திருமணம் கோவிலில் நடந்தது. அண்ணை வரவில்லை. பேத்தி பிறந்தபோது திருச்செல்வம் அந்தப் பாதிரியாருக்கு ஒரு தபாலட்டை அனுப்பினார்: கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும், இடம் லண்டன் என்று. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது ஒரு வேண்டுகோள் வைத்தார். மரண அறிவித்தலில் பிறந்த ஊரும், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்ற வரிசையும் போடக்கூடாது. "செத்த பிறகும் என்னை இவங்கள் விசாரிக்க ஏலாது" என்றார்.

அப்படியே செய்தோம். பத்திரிகையில் அவர் பெயரும் லண்டன் என்ற ஊரும் மட்டும் வந்தன. வெள்ளிக்கிழமை அவரைத் தூக்கியவர்களில் மார்க்குஸும் ஒருவர்.

நேற்று மாலை தொலைபேசி ஒலித்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணையின் குரல். சுகம் கேட்கவில்லை, வாசுகியைக் கேட்கவில்லை, பேத்தியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "பேப்பர் பாத்தன். அவன் எந்த ஊர், ஆற்றை ஆள்? ஒண்டும் போடேல்லை" என்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் ஒருநாளும் கேக்கேல்லை."

அவர் நம்பவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் தெரியாமலா இருக்கும் என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

நண்பரே, நீங்கள் நிம்மதியாகப் போகலாம். இந்த வீட்டில் இனி யாரும் விசாரிக்கப்பட மாட்டார்கள்.