அடி துடைக்காத கிண்ணம்

விருத்தாசலத்தில் வேலை கிடைத்ததும் நான் போட்ட முதல் சண்டை அப்பாவுடன்தான். வேப்பூரிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஏறி உட்கார்ந்து ஒரு கோழித் தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். இதற்கு எதற்குத் தனியாக ஒரு வீடு என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்னிடம் நியாயம் இல்லை, பிடிவாதம் இருந்தது. செராமிக் டிப்ளமோ முடித்து, பீங்கான் இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவள், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குக் கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓடினால் அதற்குப் பெயர் வேலைக்குப் போவதா? அது காலேஜுக்குப் போவது. எனக்குச் சொந்தமாக ஒரு சாவி வேண்டும் என்றேன்.

அப்பா இறங்கி வந்தார். ஆனால் கெடு வைத்துத்தான் இறங்கினார். ஒரு வருஷம். சரிப்படவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் அவர் மாப்பிள்ளை பார்க்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. வேகமாகத் தலையாட்டினேன்.

வீடு தேடும்போதுதான் அந்தச் சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. ஒற்றைப் பெண்ணுக்கு வீடு கொடுக்க அந்த ஊரில் யாருக்கும் மனசில்லை. ஏழெட்டு வீட்டு வாசலில் நின்றுவிட்டு, கடைசியாக மாடியை வாடகைக்கு விடுகிற ஓர் அக்காவிடம் போனேன். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"ரெண்டு பொண்ணுங்கன்னா தரேன்மா. ஒத்தப் பொண்ணுன்னா நாளைக்கி நாலு பேரு நாலு வெதமா பேசுவாங்க. அவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டு இருக்க முடியாது."

அதே வாரம் கம்பெனியில் இன்னொருத்தியும் சேர்ந்திருந்தாள். சேத்தியாத்தோப்புப் பக்கம். என் வயது, என் படிப்பு, அவளும் வீடு தேடிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசி முடித்து, சாயங்காலம் இருவருமாகப் போய் அக்கா முன்னால் நின்றோம். ஆளுக்கொரு சாவி கிடைத்தது.

எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குடிவந்த அன்றே சிலிண்டருக்கு எங்கே எழுதிக் கொடுப்பது, எந்த மளிகைக் கடையில் அரிசியில் கல் இருக்காது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையெல்லாம் விசாரித்து வைத்துவிட்டாள். மிக்ஸியின் சத்தம் மாறினால் வாஷர் போய்விட்டது என்பாள். நான் மிக்ஸிக்கு வாஷர் இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். என் மேல் தப்பில்லை. அப்பா வேப்பூரில் ஹைவேஸ் ஓரம் ஹோட்டல் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு அடுப்பில் வெந்நீர் மட்டும்தான் வைப்போம். மூன்று வேளையும் கேரியரில் சோறு வந்துவிடும். பொங்கலன்று கூட எங்கள் வீட்டுப் பொங்கல் ஹோட்டலில்தான் பொங்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் அழுக்குத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவேன். திங்கட்கிழமை காலை அதே பையில் அம்மா துவைத்து மடித்த துணிகளும், மேலே பரோட்டாவும் சால்னாவும் வரும். அவள் ஊருக்கே போகமாட்டாள். தீபாவளிக்குப் போய் மறுநாளே திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே என்ன இருக்குது என்று சிரித்தாள். அடேயப்பா, வேலைக்குப் போகிற பெண் என்றால் இவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். படியில் இறங்கும்போது என் பை மாட்டுக்குத் தவிடு கொண்டுபோகிற மூட்டை மாதிரி எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கார அக்கா கேட் சாவியின் மறுசாவியை அவளிடம்தான் கொடுத்தார். புளிக்குழம்பு வைத்தால் "அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்று கிண்ணம் என் கையில் வரும். நான்தான் வாசலில் நிற்பேன், குழம்பு அவளுக்கு. கம்பெனியிலும் இதே கதை. சூளை மேஸ்திரி அண்ணன் பீங்கான் செய்யப் பிசைகிற மண்மாவின் பதத்தைப் பற்றிக் கேட்கும்போது எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்பார். பதில் வருவதற்குள் கண் அவள் பக்கம் போயிருக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அப்பா வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல், வீட்டைப் பார்க்க வந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். என் அப்பா முப்பது வருஷமாக டீ விற்கிறவர். அடுத்தவர் போட்ட டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பால் சரியில்லை, தூள் சரியில்லை என்று கீழே வைக்கிற ஆள். அன்றைக்கு டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவள் அடுக்கி வைத்திருந்த சமையல் அலமாரியைப் பார்த்தார். என் கட்டிலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்த அழுக்குத்துணிப் பையையும் பார்த்தார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்.

"இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்கம்மா. இது பொழச்சிக்கும். நீ வருசம் முடிஞ்சதும் வூட்டுக்கு வந்துடு."

அவள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் கையால் ஏதாவது ஒரு பொருள் செய்து, சூளைக்குப் போகிற வண்டியின் ஒரு மூலையில் வைக்க வேண்டும். அதற்கென்றே மேஸ்திரி அண்ணன் அந்த மூலையைக் காலியாக விட்டுவைப்பார். வெந்து வெளியே வரும் நாளில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள். முன்னால் சேர்ந்தவர்கள் செய்த பிள்ளையாரும், சோப்பு டப்பாவும், பேனா ஸ்டாண்டும் ஆபீஸ் ஜன்னலில் வரிசையாக இருக்கும். இதில் பாஸ் ஆனால்தான் கம்பெனி ஆள் என்று கணக்கு.

நான் எனக்காக ஒரு காபி டம்ளர் செய்திருந்தேன். அவள் வாய் அகன்ற ஒரு கிண்ணம் செய்திருந்தாள். இரண்டையும் கிளேஸில், அதாவது வெந்தபின் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிற அந்தப் பால் போன்ற கரைசலில், முக்கி எடுத்திருந்தோம். முக்கியபின் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஈரப் பஞ்சால் பொருளின் அடியை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் வைத்தால், சூட்டில் கிளேஸ் உருகி, பொருள் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இது முதல் செமஸ்டர் பாடம். சின்னக் குழந்தைக்குக் கூடச் சொல்லிக் கொடுக்கலாம்.

அந்த நேரம் பார்த்து லேபிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"என்னோடதையும் அடி தொடச்சி வண்டில வெச்சிடு. வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் சரி என்றேன். பஞ்சை நனைத்துப் பிழிந்தேன். என் டம்ளரின் அடியைத் துடைத்தேன், இரண்டு தரம். அப்புறம் பஞ்சை வாளியில் போட்டேன். அவள் கிண்ணத்தைப் பத்திரமாக, இரண்டு கையாலும் ஏந்தி, என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். மறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது மறந்துவிட்டேன் என்று எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் மறக்கவில்லை. அது பிழைத்துக்கொள்ளட்டும் பார்க்கலாம் என்றுதான் வைத்தேன்.

சனிக்கிழமை காலை சூளையின் பர்னரைப் பற்றவைக்கும் வரை, அதைத் துடைத்துவிட எனக்கு நேரம் இருந்தது. வண்டி சூளைக்கு வெளியேதான் நின்றது. அதைத் தாண்டி இரண்டு தடவை போனேன். சாயங்காலம் அழுக்குத்துணிப் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வண்டியை வெளியே இழுத்தார்கள். முதலில் என் டம்ளரைத் தூக்கினார் மேஸ்திரி அண்ணன். தூக்கியதும் சிரிப்பு கிளம்பியது. பச்சை மண்ணாக இருக்கும்போது இருக்கிற அளவு வெந்தபின் இருக்காது, சுருங்கும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகச் செய்வது. தினமும் ஃபியூஸ் கட்டைகளை இந்தக் கணக்கு வைத்து அளக்கிற நான், என் டம்ளரை மட்டும் வீட்டு டம்ளரை வைத்து அளந்து செய்திருந்தேன். மருந்து ஊற்றிக் குடிக்கிற அளவில் வந்திருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டப் பாலாடைக்கு ஆச்சு என்றார் ஒருவர்.

அடுத்து அவள் கிண்ணம். வரவில்லை. அண்ணன் அசைத்துப் பார்த்தார், அப்புறம் உளியை வைத்து மெல்லத் தட்டினார். கிண்ணம் வந்தது, அடியின் நடுப்பாகம் தட்டிலேயே தங்கிவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு நுழைகிற ஓட்டை. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். உடைந்த பிறகும் அவளுக்கு உச்சு, முழுசாக வந்த எனக்குச் சிரிப்பு. அங்கே நின்றுகொண்டு நான் அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டு பாழானதில் அண்ணனுக்குக் கோபம். யார் வைத்தது என்று கேட்டார். அவள் கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் டம்ளரை எடுத்து அதையும் திருப்பிப் பார்த்தாள். என் டம்ளரின் அடி வழித்துத் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"நான்தாண்ணே. அவசரத்துல தொடைக்க மறந்துட்டேன்" என்றாள்.

இன்று சாயங்காலம் வீட்டில் கேட்பாள், கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டுவாள், அவள் போனால் அக்கா என்னையும் காலி பண்ணச் சொல்வார், அப்பா ஜெயித்துவிடுவார் என்று எனக்குள் வரிசையாக ஓடியது. அவளுக்குச் செய்த துரோகத்தைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. என் சாவியைப் பற்றித்தான் நினைத்தேன்.

சாயங்காலம் அவள் எதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தில் மண் நிரப்பி, அக்காவிடம் ஒரு கற்பூரவல்லிக் கிளை ஒடித்து வாங்கி நட்டாள். ஓட்டை வசதியாய்ப் போயிற்று, தண்ணி வடிஞ்சிடும் என்று சொல்லி மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்தாள். இரண்டே மாதத்தில் அது புதராக மண்டியது. ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் எங்கள் மாடிக்கு இலை பறிக்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அவள் கைராசியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவள் கவனித்திருக்க மாட்டாள், உண்மையிலேயே தானே மறந்ததாக நினைத்துக்கொண்டாள் என்று நான் என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

வயிற்றெரிச்சலால் ஒரு நல்லது நடந்தது. அவளைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றேன். கற்றுக்கொடு என்று வாய் திறந்து கேட்கவில்லை, அதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துத்தான் சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கக் கற்றேன். அவள் ஞாயிற்றுக்கிழமை துவைத்தால் நான் சனிக்கிழமையே துவைத்துக் காயப்போட்டேன். அழுக்குத்துணிப் பை மடித்துப் பரணுக்குப் போனது. ஊருக்கு வாராவாரம் போனது மாதம் ஒருமுறை ஆனது. அம்மா அழுதாள்.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவளுக்குக் குஜராத்தில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. என்னைவிடப் பெரிய வேலை. அதற்கும் எரிந்தது. அதைவிடப் பெரிய பயம், வீடு. அக்காவிடம் போய் நின்றேன், வேறு ஒருத்தியைத் தேடிப் பிடிக்கிறேன், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று கேட்க. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு? நீ ஒத்தையா இருந்துக்கம்மா. ஒன்னப் பத்தி இந்தத் தெருவுக்கே தெரியும். எவனாவது கேட்டா நான் பேசிக்கறேன்."

என் வாழ்க்கையில் இதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்கு அப்படியொரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை.

அவளை ரயிலேற்ற ஜங்ஷனுக்குப் போனேன். மதிய ரயில், அரை மணி லேட் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கற்பூரவல்லித் தொட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன் கிண்ணத்தை நான் வேண்டுமென்றேதான் துடைக்கவில்லை என்றேன். பெரிய மனசால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் இல்லாமலும் வீடு எனக்கு உண்டு என்று ஆனபிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தெரியும்" என்றாள். "ஒன் டம்ளரு அடி அவ்ளோ சுத்தமா இருந்துச்சே."

"அப்பறம் ஏன் அன்னிக்கே கேக்கல?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா சண்ட வரும், நீ பைய தூக்கிட்டு ஊருக்குப் போயிடுவ. ஒனக்குப் போவ ஒரு வூடு இருக்குது. எங்க வூட்ல அண்ணி இருக்காங்க, எனக்குப் படுக்க எடம் கெடையாது. ஒத்தப் பொண்ணுக்கு இந்த ஊருல யாரு வூடு தருவாங்க?" என்றாள். அப்புறம், "சனிக்கெழம சனிக்கெழம நீ அந்தப் பைய எடுத்துட்டு எறங்கறப்ப எனக்கு எப்பிடி இருக்கும் தெரியுமா. ஒங்கப்பா வந்து டீ குடிச்ச அன்னிக்கு, ஒன்னத் திட்டறதுக்கு ஒரு ஆளு வந்திருக்குதேன்னு இருந்துச்சு" என்றாள்.

வருஷம் முழுக்க எரிந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எரிந்துகொண்டே எனக்கும் சேர்த்துச் சோறு வடித்திருக்கிறாள்.

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தபின், தொட்டியை வேண்டுமானால் பார்சலில் அனுப்பி வைக்கட்டுமா என்று மறுபடி கேட்டேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"வாணாம். கிண்ணம் செஞ்சது நான். அதுல ஓட்ட போட்டது நீதான. நீயே வெச்சிக்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து என் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் அடியிலிருந்த ஓட்டை வழியாக வந்து என் காலை நனைத்தது.