அப்பா காது வைத்துக் கேட்ட விமானங்கள்

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அவரோடு கூடி வாழ்ந்த பெரியவர்கள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பருத்தித்துறைக்குப் பக்கத்தில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். அம்மாவைக் கைப்பிடித்தார், அக்கா பிறந்தார். சண்டைக் காலத்தில் அக்காவை ஆறு வயதில் பறிகொடுத்த பின் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து, கொச்சிக்கடைக் களஞ்சியங்களில் மூட்டை சுமந்தார். நான் இங்கே பிறந்தேன். அப்பா சிங்களம் சரளமாகக் கதைப்பார். ஆனால் எந்த மொழியிலும் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அயலில் ஒரு சாவீடு என்றால் சனம் உட்காரக் கதிரை தூக்க முதலில் போகிறவர் அவர்தான்.

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் அப்பா அப்படியே நின்றுவிடுவார். பிசைந்த சோறு கையில் இருக்கும், வாய்க்குப் போகாது. தலையைச் சரித்துக் கேட்பார். மேலே பார்க்க மாட்டார். அப்பாவுக்கு விமானம் என்றால் உயிர் என்றுதான் நான் சின்ன வயது முதல் நினைத்திருந்தேன். அதனால் என் முதல் சம்பளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் அவரை இரத்மலானையில் பழைய போர் விமானங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன்.

உள்ளே பிள்ளைகள் விமானங்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு பெரிய விமானத்தின் முன் நின்றார்.

"இது சகடை," என்றார்.

வண்டி உருளுவது போல் இழுத்து இழுத்துச் சத்தம் போடும் அந்த விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. அடுத்ததாகச் சிறிய குண்டுவீச்சு விமானம் ஒன்று நின்றது. அதைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார்.

"இதுதான் பொம்மரோ? இவ்வளவு சின்னனோ, தம்பி?"

பிறகு கயிற்றைத் தாண்டிக் குனிந்து, அதன் எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். சீருடையில் இருந்த ஒருவர் ஓடிவந்து, "மாமே, அல்லன்ன எபா," தொடாதீர்கள் என்றார்.

"தொடேல்லை மாத்தயா, கேக்கிறன்," என்று அப்பா சிங்களத்தில் சொன்னார்.

"இதில கேக்க என்ன இருக்கு? இது மூச்சு விட்டுக் கனகாலம்," என்று அவர் சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்.

அந்தக் கதிரையில் இருந்துதான் அப்பா எனக்கு எல்லாம் சொன்னார். ஊரில் விமானம் வந்தால் எல்லோரும் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் இறங்குவார்கள். வந்திருப்பது சகடையா, பொம்மரா, வருகிறதா, போகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்வதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. அவர் சொன்னால்தான் எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் வெளியில் வரும். அன்றைக்கும் அவர்தான் சொன்னார்: "சகடைதான். திரும்பிப் போகுது. வாங்கோ." அக்கா முதலில் ஏறி ஓடினார். சகடைக்குப் பின்னால் பொம்மர் வந்தது.

"ரெண்டு சத்தம் கேட்டிருக்க வேணும், தம்பி. நான் ஒண்டைத்தான் கேட்டனான். மற்றது எங்க போனது?"

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் போனோம். வெள்ளவத்தைக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்வோம். திரும்பும்போது வெள்ளவத்தையில் இறங்கி வடை வாங்கி வருவதால் அது முழுப்பொய்யும் இல்லை. அம்மா ஒன்றும் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அப்பா இரண்டு விமானங்களுக்கும் நடுவில் நிற்பார். ஒருநாள் பொம்மரின் முன்னால் இருந்த பலகையைக் காட்டினார்.

"இதில என்ன எழுதியிருக்கு? சத்தத்தைப் பற்றி ஒண்டும் இல்லையோ?"

அதில் விமானத்தின் பெயரும், செய்த நாடும், நீளமும்தான் இருந்தன. நான் வாசித்தேன்: "இந்த விமானம் பெரிய விமானத்துக்குப் பின்னால் பறந்தால், நிலத்தில் இருப்பவர்களுக்கு இதன் சத்தம் தனியாகக் கேட்காது. எவ்வளவு பழகிய காதானாலும் கண்டுபிடிக்க இயலாது." இன்னும் என்னென்னவோ சேர்த்தேன். அப்பா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையானார். அப்படி அவர் நித்திரை கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம், பின்னேரம் பார்க்கப் போனேன். கட்டிலுக்கு மேலே மின்விசிறி கடகடத்தது. அப்பா தலையைச் சரித்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பலகையில மூண்டு வரிதான் இருந்தது. நீ கனக்க வாசிச்சனீ."

அப்பா என் கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை. இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அதற்கு மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

இதையெல்லாம் மலரில் போடலாமா என்று, அக்கா போன அன்று அதே பங்கருக்குள் இருந்த மாமாவிடம் கேட்டேன். அம்மாவின் தம்பி அவர்.

"அத்தான் பிழையாச் சொல்லேல்லையடா. எங்கட ஒருத்தற்ற காதுக்கும் ரெண்டாவது சத்தம் கேக்கேல்லை. எல்லாருக்கும் சகடை மட்டும்தான் கேட்டது."

"ஏன் மாமா இதை அப்பாவிட்டச் சொல்லேல்லை?"

"அவர் கேக்கேல்லை. அந்தக் கதையை எடுத்தா அவர் நொந்துபோவார் எண்டு நாங்களும் வாய் திறக்கேல்லை. நீ ஏன்ரா என்னட்டக் கேக்கேல்லை?"

மாமா சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அப்பாவின் நோயில் முறை வைத்துப் பார்த்த தாதிமார், சாவீட்டுக்குக் கேட்காமலே கதிரை தூக்கிவந்த கொட்டாஞ்சேனை அயலவர்கள், சாம்பல் அள்ளும் காடாத்து வரை நின்ற களஞ்சியத் தோழர்கள், ஒரு ஞாயிறு அப்பாவுக்குக் கதிரை போட்ட அந்தப் பெயர் தெரியாத மனிதர், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று விளக்கேற்றிய பின், அப்பாவின் படத்துக்கு முன்னால், அம்மா பக்கத்தில் இருக்க, மாமா சொன்னதை நான் வாசிக்கப் போகிறேன். வரிகளை எண்ணிப் பாருங்கள், அப்பா. இந்த முறை எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறேன்.