துரத்தியவர்களின் சொற்கள்

2011இல், நான் புலம்பெயர்ந்து வந்த பரமட்டா ஊரின் தையல் கடையொன்றில் என்னோடு வேலை செய்தவள் மரியம். ஈராக்கிலிருந்து துரத்தப்பட்ட கிறிஸ்தவப் பெண். தாய்மொழி அரமேயம், ஆனால் தமக்கையோடு போனில் பேசும்போது அரபுச் சொற்களும் கலந்து வரும்.

"துரத்தின ஆக்களின்ட சொல் உனக்கு என்னத்துக்கு?" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பக்கத்து வீட்டு அரபுக்காரிதான் எனக்குத் தைக்கப் பழக்கினவள். ஊசி, நூல் எல்லாம் அவள் சொல்லித்தந்த பேர்தான். நாங்கள் வெளிக்கிடேக்க வாசலில நிண்டு அழுததும் அவள்தான். எதை எறியச் சொல்லுறாய்?"

நானும் 1990இல் தமிழ் இயக்கத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒருத்தி. அன்று படலைவரை ஓடிவந்து என் கையை விடாமல் நின்றவள் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் சுகந்தி.

"விளங்குதா?" என்றாள் மரியம்.

"ஓமடி," என்றேன். தமிழே தெரியாத அவளிடம், சுகந்தி சொல்வதைப் போலவே.