நூறைத் தொடாத கணக்கு

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் லிஃப்ட் மாமாதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பார். பேச்சு குறைவு. எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் கதவில் காதை வைப்பார். பிறகு மொட்டைமாடி அறைக்கு ஏறிப்போய் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மீட்டரெல்லாம் அப்புறம்தான். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குக்கூட ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், ரொம்ப கஷ்டப்படுது" என்றார். "நானுந்தான் கஷ்டப்படுறேன், யாரு தொட்டுப் பாக்குறா?" என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். கல்யாணம் அந்த நிமிடமே முடிவாகிவிட்டது என்று நான் இன்றும் சொல்வேன்.

அக்காவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. தள்ளிப்போட மருந்து இருக்கிறது, தீர்க்க மருந்து இல்லை என்றார்கள். மாமா வேலை பார்க்கும் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்த வேதியியல் வாத்தியார்தான் அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தை அவர் காதில் போட்டது. எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடம். எந்த மூலக்கூறு எந்த நோய்க்கு மருந்தாகும் என்று தேடுகிறார்கள். மலையளவு கணக்கு. அதைத் துண்டு துண்டாக உடைத்து, உலகம் முழுக்க இஷ்டப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு துண்டைப் போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்பிவிடும். தேடுகிற நோய்களில் அக்காவின் நோயும் ஒன்று. மாமாவுக்கு அது போதும். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் வைத்தார்.

ஒவ்வொரு துண்டையும் அவர் டிரிப் என்பார். ஒரு டிரிப் அரை மணியில் முடியும். இன்னொன்று நாள் முழுக்க ஓடும். "ஒரே மிஷின்தானே மாமா, ஏன் இப்படி?" என்று கேட்டேன். அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"சின்ன மூலக்கூறுன்னா ஒண்ணாவது மாடி, ஏறினதும் எறங்கிடலாம். பெருசுன்னா பன்னெண்டாவது மாடி. சிலது இருக்கு, மடங்கி மடங்கி ஒரு எடத்துல நிக்கவே நிக்காது. அது அடங்குற வரைக்கும் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடணும். எப்ப அடங்கும்னு அனுப்பினவங்களுக்கே தெரியாதாம்."

"கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு நாளும் இவ்வளவு பேசினதில்ல" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அது எப்போது பைத்தியமாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு டிரிப், திரையில் 'பிழை' என்று காட்டிப் பாதியில் நின்றுபோன அன்று அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது. அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார். டிரிப் ஓடுகிறவரை அவள் நன்றாக இருப்பாள் என்று. கம்ப்யூட்டர் ஜோசியம் என்று நான் கிண்டலடித்துப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போகப்போக, அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னறையை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

அக்கா நினைவு தப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன அன்று காலையில் வந்ததுதான் அந்தக் கடைசி டிரிப். மற்றதெல்லாம் முடிந்துபோகிற நேரத்தைத் தாண்டியும் அது நின்றபாடில்லை. எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் காட்டும். தொண்ணூறு வரை மளமளவென்று ஏறியது. பிறகு தொண்ணூற்றெட்டு. பிறகு தொண்ணூற்றொன்பது. அதற்குப் பிறகு புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒன்பதுகள் சேர ஆரம்பித்தன. மீதி நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. அது குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனது. முதல் நாள் ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா, அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. வேலைக்கும் லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மின்சாரம் போனால் திரை அணைந்துவிடும் என்று பேட்டரி வேறு வாங்கி மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பதிலாக ஒரு மிஷின் மூச்சுவிட்டது. அவள் நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா ஒரு நாளும் அப்படி ஒழுங்காக மூச்சுவிட்டவள் இல்லை. நன்றாக இருந்த காலத்திலேயே சிரிப்பில் பாதி, பெருமூச்சில் பாதி என்றுதான் போகும். டாக்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். மூளையில் எந்த அசைவும் இல்லை, மறுபடியும் சோதித்துவிட்டோம், மிஷினை நிறுத்த வீட்டுக்காரர் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். கூடப் பிறந்தவளை அனுப்பிவிடலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொள்வதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. மாமாவோ போனையே எடுக்கவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மத்தியானம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. பின்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. 99.999 என்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசியில் இன்னொரு ஒன்பது வந்து உட்கார்ந்தது.

அந்த அறையில் ஏதோ சரியாக இல்லை. கால் வைத்ததுமே உடம்பு சொன்னது, என்னவென்றுதான் பிடிபடவில்லை. திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். என் மூச்சு எனக்கே கேட்டது. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. அப்புறம்தான் உறைத்தது. கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம் இல்லை. கணக்கு ஓடும்போது அந்தப் பெட்டி இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நின்று பேச முடியாது; அக்கா அதற்குச் சின்ன மாமியார் என்று பேர் வைத்திருந்தாள். பெட்டியின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"மாமா, இது ஓடல."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அவளை உள்ள கொண்டுபோன அன்னைக்கு சாயந்திரமே சூடு அடங்கிடுச்சு. கணக்கு எங்கயோ சிக்கி நின்னுபோச்சு."

"அப்ப இந்த நம்பர் ஏறுதே?"

"வாத்தியார்கிட்ட கேட்டேன். உள்ளேருந்து தகவல் வராட்டி, மேல இருக்கிற புரோகிராமே குத்துமதிப்பா ஒரு நம்பரைக் காட்டுமாம். ஏறிக்கிட்டே இருக்கும், நூறை மட்டும் தொடாது. பாக்குறவங்க மனசு விட்டுடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க போல."

இத்தனை நாளும் இந்த மனிதர் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்?

"தெரிஞ்சுமா இங்க உக்காந்திருக்கீங்க? அங்க அக்கா..."

"அங்கயும் கையைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். "அங்கயும் நம்பர் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு."

மாமா மவுஸை என் பக்கம் நகர்த்தினார்.

"இதை நீ நிறுத்து. உன்னால முடிஞ்சா, நானும் வந்து சொல்லிடறேன்."

இதுவும் ஒரு காரியமா என்று நினைத்தேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் ஓட்டுகிற வண்டியை பிரேக் மிதித்து நிறுத்துவதுதான் என் பிழைப்பு. மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறி 'ரத்து' என்ற பொத்தான்மேல் போய் நின்றது. விரல் இறங்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும், இதை அமுக்கினால் அங்கே என்ன ஆகுமோ என்று தோன்றியது. இன்னொரு ஒன்பது வந்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவது மாதிரி இருந்தது.

"முடியல மாமா."

"எனக்கும் அதான்டா. நிறுத்துங்கன்னு நான்தானே சொல்லணும்? என் வாயால."

அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். பிறகு என் கைமேல் தன் கையை வைத்தார். யார் விரல் அமுக்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண் போய்விட்டது. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பெருமூச்சு விடுவதற்குள் அதே வரியில் வேறொரு கணக்கு தானாக வந்து உட்கார்ந்தது. விசிறி திடீரென்று இரைய ஆரம்பித்தது. மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது; நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஒன்று, நாலு, ஒன்பது என்று சதவீதம் ஓடியது. சின்ன மூலக்கூறு போலிருக்கிறது. பெட்டியைத் தொட்டேன்; சூடாகிக்கொண்டு வந்தது.

மாமா அந்த வரியையே பார்த்தார்.

"அவ எடத்துல" என்றார். "இவ்வளவு சீக்கிரமாவா?"

அவர் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்தேன். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.