பற்றரியைக் கழற்றிய பிறகு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். யாரையும் நம்பவைக்கக் கோணேசன் ஒருநாளும் முயன்றதில்லை. வற்புறுத்திக் கேட்டால் தன்னுடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்து, மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்றைக் காட்டுவார். இடது ஓரத்தில் வரிசையாக நேரங்கள் இருக்கும். அவ்வளவுதான்.

டென்மார்க்கில், வைலே நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் அவர் மெஷின் திருத்துகிறவர். அங்கே ஒரு மெஷின் நின்றால், நின்ற நேரமும் திரும்ப ஓடிய நேரமும் எழுதவேண்டும். இருபத்திரண்டு வருடமாக எழுதி எழுதி, வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் பழுதானாலும் நேரம் எழுதுவார். கற்பனை பண்ணுகிற ஆள் இல்லை. பேய்ப்படம் போட்டால் பாதியிலேயே நித்திரையாகிவிடுவார்.

அந்த மாதம் அவருக்கு இரவு வேலை. கூட வேலை செய்கிற இரண்டு பேர் சுகமில்லாமல் லீவு. பதினொரு நாளாக ஓய்வே இல்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி கிறிஸ்ரினா கேட்டார். அவர் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர்.

"என்னப்பா, எங்கட ஹோமில ஹென்னிங் எண்டு ஒரு கிழவர் இருக்கிறார் எண்டு சொன்னனான் எல்லே? அந்தாளின்ர கார் ஸ்ராட் வருதில்லையாம்."

"கராஜுக்குக் குடுக்கச் சொல்லு."

"ஐம்பது வருசத்துக் கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதைத் தெரிஞ்ச கராஜ்காரர் ஏப்ரல் முடியத்தான் வருவினமாம். இந்தாள் ஏப்ரலைக் காணாதப்பா."

கோணேசன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"குளிர்காலம் முடிய ஒவ்வொரு வருசமும் தான்தானாம் ஸ்ராட் பண்ணுறது. இந்த வருசம் எழும்பேலாமல் கிடக்கிறார். ஒருக்கா ஓடினாக் காணும் எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுறார். ஞாயிற்றுக்கிழமை மகன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டப் போறாராம்."

"சரி. நாளைக்கு வேலை முடிஞ்சு நேர போறன்," என்றார் கோணேசன்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிய ஆறு மணிக்கு வேலை முடிந்தது. ஃபியோர்ட் என்கிற ஒடுங்கிய கடல்நீரேரியின் கரையோரம் ஒரே பனிப்புகார். கடல் எது, வயல் எது என்று தெரியவில்லை. ஹென்னிங்கின் பழைய பண்ணைவீட்டில் இப்போது யாரும் இல்லை. முற்றத்துக்கு அப்பால் செங்கல்லால் கட்டிய பெரிய களஞ்சியம். முன்பு வைக்கோல் அடுக்கிய இடம். அதன் வாசலில் மகன் நீக்கிலாஸ் காத்துக்கொண்டு நின்றார். வயது நாற்பத்தொன்பது இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியர். எட்டு மணிக்குப் பாடம் இருக்கிறது என்று அவசரப்பட்டார்.

"அப்பா இந்தக் காரை வேறு ஒருவரையும் தொட விட்டதில்லை," என்று டேனிஷில் சொன்னார். "நான்கூட இதில் ஒருமுறையும் ஏறியதில்லை."

"ஒருமுறையும்?"

"சின்னதில் கேட்பேன். இடம் இல்லை என்பார்."

கோணேசன் காரைப் பார்த்தார். இரண்டு இருக்கைகள் இருந்தன.

நீக்கிலாஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார். அவருடைய கார்ச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு, களஞ்சியத்துக்குள் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

மேலே மூடியிருந்த துணியைக் கோணேசன் இழுத்தார். ஒக்ரோபரிலிருந்து படிந்த தூசி பறந்தது. தாழ்ந்த, வெண்ணெய் நிறக் கார். அழகான கார்தான். ஆனால் வலது பக்கக் கண்ணாடி மட்டும் உள்ளே புகார் பிடித்திருந்தது. ஸ்ரியரிங் இருக்கிற இடது பக்கம் தெளிவாக இருந்தது. மூடி வைத்த கார் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

7.40. பற்றரியைச் சோதித்தார். ஒன்பது வோல்ற். செத்த பற்றரி. அதைத் தூக்கி வைத்துவிட்டுத் தான் கொண்டுவந்த புதுப் பற்றரியைப் பூட்டினார். சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்.

ஏர்த் வயரைக் கழற்றினார். வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குப் பிடித்திருந்தது. ஐந்து மாதம் காய்ந்த இடத்தில் நின்ற காரில் இப்படி வராது. இப்படிப் பொருக்கை அவர் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறார். இளந்தாரியாகத் திருக்கோணமலையில் மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்திய காலத்தில். அது கடல்தண்ணி செய்கிற வேலை.

சுரண்டித் துடைத்துப் பூட்டினார். 8.15. ஸ்ராட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

அடுத்தது நெருப்புப் பொறி. பிளக் ஒன்றைக் கழற்றி வயரோடு எஞ்சினில் தொடவைத்துப் பார்த்தார். பொறி இல்லை. பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே தொடுகிற பொயின்றைத் தேய்த்தார். இப்போது நீலமாகப் பொறி வந்தது. ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை. அப்படியென்றால் பெற்றோல் வரவில்லை.

ரோச் லைட்டை எடுக்கப் போனார். அதை வலது பக்க இருக்கையில் வைத்திருந்தார். எடுத்தபோது கை நனைந்தது. இருக்கையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். கூரையைப் பார்த்தார். ஒழுக்கு இல்லை. அந்தப் பக்கக் கதவில் கண்ணாடி இறக்குகிற கைப்பிடியும் இல்லை. அது இருந்த இடத்தில் உடைந்த கம்பித் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

நித்திரை கண்ணைச் சுழற்றியது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்ப் படுக்கவேண்டும். வேறு யோசனை இல்லை.

அந்தக் காரில் பெற்றோல் பம்ப் பின்பக்கம், அடியில் இருக்கிறது. கரண்டில் ஓடுகிற பழைய பம்ப். சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்று அடிக்கும். அது அடிக்கவில்லை. பெற்றோலுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது முதலில் கரண்டை நிறுத்தவேண்டும். கோணேசன் பற்றரியைக் கழற்றினார். வெளியே தூக்கி, சீமெந்து நிலத்தில் ஐந்தடி தள்ளி வைத்தார். சாவியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு காரைப் பின்னால் ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் போய்ப் படுத்தார்.

8.52.

டக்... டக்... டக்.

பம்ப் அடிக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அடுத்த கணம் பற்றரி நிலத்தில் இருப்பது ஞாபகம் வந்தது.

டக்... டக்... டக்.

பம்பில் கையை வைத்தார். குளிர்ந்து கிடந்தது. அசைவே இல்லை. சத்தம் அதிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. காருக்குள்ளே இருந்து. யாரோ கண்ணாடியில் மடக்கிய விரலின் மொழியால் தட்டுவதுபோல. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. திரும்ப மூன்று.

வெளியே தவழ்ந்து வந்து எழும்பிப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. காருக்குள் ஒருவரும் இல்லை. வலது பக்கக் கண்ணாடியில் புகார் முன்பைவிடத் தடித்திருந்தது.

ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தார். களைப்பு என்று தனக்குத்தானே சொன்னார். நித்திரை தூங்கிக் கனவு கண்டிருப்பீர் என்று பிறகு பலர் சொன்னார்கள். தூங்கவில்லை. 9.06க்கு மனைவிக்கு அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது. 'கொஞ்சம் கஷ்டம். பாக்கிறன்.'

போயிருக்கலாம். அந்த நேரமே கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். ஒரு கிழவர் கையைப் பிடித்து அழுதது மனத்தில் கிடந்தது. திரும்பவும் போய்ப் படுத்தார்.

பம்பின் முனைகளைத் தேய்த்தார். பெற்றோல் தாங்கியின் அடியாணியைத் திறந்து பழைய பெற்றோலை வாளியில் வடித்தார். வடிந்ததில் அரைவாசிக்குமேல் பெற்றோலே இல்லை. தண்ணி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

9.31.

ஆணியை இறுக்கினார். தான் கொண்டுவந்த ஐந்து லீற்றர் பெற்றோலை ஊற்றினார். காரை ஜாக்கியிலிருந்து இறக்கினார். ஒவ்வொன்றையும் செய்யும்போது கண் அந்தக் கண்ணாடிக்கே போனது. பிளக்குகளையும் கழற்றிக் கழுவித் துடைத்துப் பூட்டி முடியப் பத்து மணி தாண்டிவிட்டது. இனிப் பற்றரியைப் பூட்டவேண்டியதுதான் பாக்கி. குனிந்து அதைத் தூக்கப் போனார்.

கிறீ...ச்.

நிமிர்ந்தார்.

வலது பக்கக் கண்ணாடி ஒரு அங்குலம் இறங்கியிருந்தது.

கைப்பிடி இல்லாத கதவு.

கிறீ...ச்.

இன்னும் ஒரு அங்குலம். பிறகு சிக்கிக்கொண்டதுபோல நின்றது. அந்த இடுக்கால் ஒரு மணம் வந்தது. சேறும் சாதாழைக் கடற்பாசியும் அழுகிய மணம். கண்ணாடியின் மேல் விளிம்பில், உள்ளே, புகாரில் நாலு கோடுகள் மெதுவாக விழுந்தன.

நாலு விரல்.

பற்றரி அவருடைய காலடியில் இருந்தது. சாவி பையில் இருந்தது. இரண்டையும் தொட்டுப் பார்த்தார்.

10.17.

எஞ்சின் ஸ்ராட் ஆனது.

ஒரே சுற்றில். ஐந்து மாதம் நின்ற கார்போல இல்லை. பின்குழாயிலிருந்து புகை வரவில்லை... தண்ணி துப்பியது.

ஓடவேண்டும் என்று தோன்றியது.

கார்க் கதவு ஆடத் தொடங்கியது. வலது பக்கக் கதவு. உள்ளேயிருந்து தள்ளுவதுபோல.

தட. தட. தட.

பிறகு வேகமாக.

பிறகு... வேகம் குறைந்தது.

அந்தக் குறைந்த சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை என்று கோணேசன் சொல்லுவார். முதலில் வந்தது பயம். பிறகு வேறு என்னவோ. பதினொரு நாள் சரியான நித்திரையில்லாத மனிதர். கத்துவதற்குக்கூட உடம்பில் சக்தி இல்லை. உள்ளே இருக்கிற ஆளுக்கும் இல்லாமல் போகிறது என்று விளங்கியது.

நாலு எட்டு வைத்தார்.

கதவைத் திறந்தார்.

குளிர்ந்த தண்ணி அவருடைய இரண்டு காலிலும் அடித்துக்கொண்டு போனது. எஞ்சின் நின்றது. அவருக்குப் பக்கத்தால் ஏதோ கடந்துபோனது. காற்று என்று சொல்ல முடியாது. ஈரத் துணி உரசினதுபோல இருந்தது.

அமைதி.

போன் அடித்தது. கிறிஸ்ரினா. 10.19.

"என்னப்பா செய்தனீங்கள் அங்கை?" குரல் பதறியது. "ஹென்னிங் கட்டில்ல எழும்பி இருந்து கத்துறார். ரெண்டு பேர் பிடிக்கேலாமல் கிடக்கு."

"என்னெண்டு?"

"கதவை ஆர் திறந்தது... கதவை ஆர் திறந்தது எண்டு."

கோணேசன் பன்னிரண்டு மணிவரைக்கும் வாசலில், வெளியே, தன்னுடைய காருக்குள் இருந்தார். நீக்கிலாஸ் வந்தார். இருவரும் உள்ளே போனார்கள். களஞ்சியத்து நிலம் காய்ந்திருந்தது. கோணேசனின் சப்பாத்துகள் மட்டும் நனைந்திருந்தன. நீக்கிலாஸ் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பற்றரி இன்னும் நிலத்தில்தான் இருந்தது.

"எனக்குச் சரிவராது," என்றார் கோணேசன். "மன்னித்துக்கொள்ளுங்கள்." சாமான்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். உடனேயே நித்திரையாகிவிட்டார். அதுதான் தனக்கு இன்னும் அதிசயம் என்பார்.

அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. வியாழன் மத்தியானத்திலிருந்து ஹென்னிங் சாப்பிடவில்லை. தன் அறைக் கதவைப் பூட்டச் சொல்லி, வருகிற ஒவ்வொருவரையும் கெஞ்சினார். அங்கே நோயாளியின் அறையை வெளியேயிருந்து பூட்ட விடமாட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலை, சாத்தி மட்டும் வைத்திருந்த கதவு திறந்து கிடந்தது. ஹென்னிங் இறந்திருந்தார். மாரடைப்பு என்று டொக்டர் எழுதினார்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் மிச்சம் தெரிந்தது. கிறிஸ்ரினாவோடு வேலை செய்கிற லிஸ் என்ற டேனிஷ் அம்மா, ஹென்னிங்கின் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஓய்வு பெறுகிற வயது. கோப்பி குடிக்கிற நேரத்தில், யாரும் கேளாமல், தானாகவே சொல்லத் தொடங்கினாராம்.

அன்றிரவு, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கோணேசனை மறித்துக் கிறிஸ்ரினா அதைச் சொன்னார்.

"எழுபத்தொன்பதாம் ஆண்டு பெரிய குளிராம். ஃபியோர்ட் முழுக்க ஐஸ் பிடிச்சுப்போச்சாம். அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஹென்னிங்கின்ர மனிசியைக் காணேல்லையாம். காரை எடுத்துக்கொண்டு, பிள்ளையை விட்டிட்டுக் கோப்பன்ஹேகனுக்குப் போயிட்டாள் எண்டு ஹென்னிங் எல்லாருக்கும் சொன்னவராம். மார்ச்சில ஐஸ் கரைய, படகுத்துறைக்குப் பக்கத்தில தண்ணிக்குள்ள காரைக் கண்டவையாம்."

"அவவும் உள்ளுக்கையோ?"

"ஓம். தனிய ஓட்டிக்கொண்டு வந்து வழுக்கி விழுந்திட்டா எண்டு பொலிஸ் எழுதிச்சாம். நீக்கிலாசுக்கும் அப்பிடித்தான் சொல்லி வளர்த்தவையாம். அந்தக் காரைத்தான் ஹென்னிங் திருப்பி எடுத்துத் தானே திருத்தினவர்."

கோணேசன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமல் அப்படியே குனிந்தபடி இருந்தார்.

"ஆனா காரை இழுத்து எடுக்கேக்கை லிசும் கரையில நிண்டவவாம். அப்ப அவவுக்குப் பதினெட்டு வயசு. ஓட்டுற பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்ததாம். மனிசி இருந்தது மற்றப் பக்கமாம். பெல்ற் போட்டபடியாம்."

"அப்ப கார் ஓட்டினது ஆரெண்டு ஒருத்தரும் கேட்கேல்லையோ?"

"நானும் அதைத்தான் கேட்டனான்," என்றார் கிறிஸ்ரினா. "கரையில நிண்ட எல்லாரும் கண்டவையாம். ஹென்னிங் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கொண்டு நிண்டவராம். ரெண்டு வயசுப் பிள்ளை, தாயும் இல்லை, தகப்பன் மட்டும்தான் மிச்சம். அந்தப் பிள்ளையைப் பாத்திட்டு, எல்லாரும் பேசாமல் வீட்டை போயிட்டினமாம்."